காரைக்குடியில் கட்டிய பெட்டி தேவகோட்டைக்கு மதுரை வழியாகப் போவது ஏன்?

4 நவம்பர் 2025 – தேவகோட்டை வாசகரின் கேள்வி

தீபாவளிக்குக் காரைக்குடிக் கடை ஒன்றில் இணையம் வழியாகத் தேன்குழலும் மனகோலமும் சொல்லியிருந்தேன். அந்த ஊருக்கும் எங்கள் ஊருக்கும் இருபது கிலோமீட்டர் இருந்தால் அதிகம். பெட்டி எங்கே வருகிறது என்று கைப்பேசியில் பார்த்தால் மதுரையில் இருப்பதாகக் காட்டியது. நான்காம் நாள்தான் வந்து சேர்ந்தது. செயற்கை நுண்ணறிவு, ரோபோ, முன்கணிப்பு என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பக்கத்து ஊருக்குப் பெட்டி அனுப்பத் தெரியாத தொழில்நுட்பம் எதற்கு? எல்லாம் வெறும் விளம்பரம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

4 நவம்பர், இரவு

மறுக்கிறேன். முழுவதும் அல்ல, பாதி.

உறவினர் நடத்தும் பலகாரக் கடையில் வெளியூர் ஆர்டர்களைப் பெட்டி கட்டி அனுப்பும் பொறுப்பு என்னுடையது. அதற்கு முன்பு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இணைய விற்பனைக் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்தேன். பெட்டி புறப்படும் இடம், குவிந்து பிரியும் இடம் இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

உங்கள் பெட்டி வழிதவறி மதுரைக்குப் போகவில்லை. கணக்குப் போட்டுத்தான் அனுப்பினார்கள். ஐம்பது ஊர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஊரையும் எல்லா ஊரோடும் நேராக இணைத்தால் 1,225 தடங்கள் வேண்டும். நடுவில் ஒரு பிரிப்பு மையம் வைத்து, எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய்ப் பிரித்தால் 50 தடங்கள் போதும். காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு ஒரு நிறுவனத்திற்கு ஒரு நாளில் எத்தனை பெட்டிகள் சேரும்? தனி வண்டி போட்டால் டீசல் காசு தேறாது. மதுரைக்குப் போகும் லாரியோ எப்படியும் போகிறது, எப்படியும் திரும்புகிறது. போக 90, வர 90 கிலோமீட்டர் சுற்றினாலும், நிறைந்த லாரியில் ஒரு பெட்டியின் பங்குச் செலவு மிகக் குறைவு.

நான்கு நாள் ஆனதற்கு அந்தச் சுற்று மட்டும் காரணமல்ல. தீபாவளிக்கு முந்திய வாரத்தில் பிரிப்பு மையத்தில் மலைபோல் குவிந்துவிடும். அன்றைக்கு வந்தது அன்றைக்கே வெளியேறாது.

5 நவம்பர்

“மையத்தைக் காரைக்குடியிலேயே வைத்தால் என்ன?” என்று கேட்டிருக்கும் தம்பிக்கு: மதுரையையும் திருச்சியையும் நோக்கித்தான் நெடுஞ்சாலைகள் கூடுகின்றன, விமான நிலையங்களும் அங்கேதான் இருக்கின்றன. சரக்கு குவியும் இடத்தில்தான் பிரிக்கும் எந்திரம் வைப்பார்கள்.

தேவகோட்டை, கண்டனூர், பள்ளத்தூருக்கு யாராவது அவசரம் என்றால் பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன். இரண்டு மணி நேரத்தில் கையில் இருக்கும். ஆனால் ஏற்றினேன் என்பதற்கும் இறங்கியது என்பதற்கும் எந்தப் பதிவும் இல்லை. வாங்குபவர் எனக்குப் போன் செய்வார், நான் நடத்துநருக்குப் போன் செய்வேன். கூரியரில் நாள் அதிகம், ஆனால் போன் இல்லை. அந்தப் பதிவுதான் முழு வித்தியாசமும்.

6 நவம்பர்

அந்தப் பதிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. டிஜிட்டல் என்று பெரிதாகச் சொல்லப்படுவதில் முக்கால்வாசி இந்த ஒரு காரியம்தான்: பெட்டி கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் அதன் லேபிளிலுள்ள பார்கோட்டுக் கோடுகளை ஸ்கேனரால் படிக்கிறார். என்ன, எங்கே, எப்போது, யார் கையில் என்ற நான்கும் அந்த நொடியில் எழுதப்படுகின்றன. தாமதத்தை அறிவிப்பதும், லாரிக்கு இடம் ஒதுக்குவதும், யார் பொறுப்பு என்று சண்டை தீர்ப்பதும் அந்தப் பதிவுகளின் மேல் எழுப்பியவைதான்.

பார்கோடு புதிதல்ல. அமெரிக்காவில் உட்லேண்ட், சில்வர் என்ற இருவர் 1952-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார்கள். கடையில் முதன்முதலாகப் படிக்கப்பட்டது 1974 ஜூன் 26 அன்று, ஓஹையோ மாநிலத்தில், ஒரு சூயிங்கம் பாக்கெட்டில். கட்டம் கட்டமாக இருக்கும் க்யூஆர் குறியீடு 1994-ல் ஜப்பானில், கார் உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காக வந்தது. இன்று அதைத் தேநீர்க் கடையில் பணம் கொடுக்கப் பயன்படுத்துகிறோம்.

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். பலகாரப் பெட்டியில் இந்தக் கோடுகள் படும் பாட்டை எந்தக் கட்டுரையிலும் நான் படித்ததில்லை. கூரியர் லேபிள் மை ஊற்றி அச்சடிப்பதல்ல. சூடு பட்டால் கறுக்கும் காகிதம் அது. எண்ணெய்க் கையோடு தொட்டால், தொட்ட இடம் மெல்ல வெளிறும். மே மாத வெயிலில் வண்டிக் கூரைமேல் கிடந்தால் முழுத்தாளும் கறுக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று கோடுகளின்மேல் பளபளக்கும் ஒட்டுநாடாவை இழுத்து ஒட்டுவார்கள். அது வெளிச்சத்தைத் திருப்பி அடித்து ஸ்கேனரின் கண்ணைக் கூசவைக்கும். எந்திரத்தால் படிக்க முடியாத பெட்டி தனியாக ஒதுக்கப்படும். ஒதுக்கப்பட்டதை ஒரு மனிதர் வந்து எடுத்து எண்களைத் தட்டவேண்டும், பண்டிகை நாளில் அவர் எப்போது வருவார்? எங்கள் கடையில் இப்போது பொரிப்பவர்கள் லேபிளைத் தொடுவதில்லை. லேபிள் ஒட்டும் மேசை அடுப்படியிலிருந்து தள்ளி, முகப்பில் இருக்கிறது.

7 நவம்பர்

விட்டுப்போன ஒன்று. பலகாரப் பையில் அச்சிடும் 13 இலக்கப் பார்கோடு வேறு, கூரியர் லேபிள் வேறு. முன்னது “இது என்ன சரக்கு”, பின்னது “இந்தப் பெட்டி யாருக்கு”. 890 என்று தொடங்கினால் இந்தியாவில் தயாரானது என்று பலர் நம்புகிறார்கள். எண்ணை வழங்கிய அமைப்பு இந்தியாவில் இருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். பையில் அச்சிடும்போது கோடுகளின் இரு பக்கமும் வெற்றிடம் விடச் சொல்லுங்கள். அழகுக்காக அங்கே பூவும் கொடியும் போட்டுவிடுகிறார்கள், ஸ்கேனர் திணறுகிறது.

8 நவம்பர்

கிடங்கைப் பற்றிக் கேட்டவர்களுக்கு.

நான் போன முதல் வாரத்தில் அலமாரிகளைப் பார்த்துத் திகைத்துப்போனேன். ஒரே தட்டில் பல்பொடி, குழந்தைச் சட்டை, கணக்குப் புத்தகம், மிக்ஸி ஜாடி. பலசரக்குக் கடையில் பருப்பு ஒரு பக்கம், சோப்பு ஒரு பக்கம் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பொறுக்கவில்லை. பிறகு புரிந்தது. எங்கே இடம் காலியாக இருக்கிறதோ அங்கே வைத்து, தட்டின் கோட்டையும் சரக்கின் கோட்டையும் படித்துவிட்டால் போதும், நினைவு வைப்பது கணினியின் வேலை. இடம் வீணாவதில்லை. இன்னொரு நன்மை, ஒன்றுபோல் தோன்றும் இரண்டு பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதில்லை, ஆகவே கை தவறி மாற்றி எடுப்பது குறைகிறது. எடுப்பவர் கையிலுள்ள கருவி அடுத்த தட்டைச் சொல்லும், குறைந்த நடையில் முடியும்படி வரிசையையும் அதுவே போடும்.

அந்த நடையையே ஒழிக்கத்தான் ரோபோ. அமேசான் 2012-ல் கீவா சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. அலமாரியையே தூக்கிக்கொண்டு ஆளிடம் வரும் தட்டையான எந்திரங்கள் அந்த நிறுவனத்துடையவை. 2025-ல் தன் மையங்களில் பத்து லட்சம் ரோபோக்கள் இருப்பதாக அமேசான் அறிவித்தது.

வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தக் கைக்கருவி வழி மட்டும் காட்டவில்லை, என் வேகத்தையும் எண்ணிக்கொண்டே இருந்தது. தண்ணீர் குடிக்க நின்ற நேரமும் அதில் விழும். முதுகுவலியோடு வேலையை விட்டு வந்த பெண்களை எனக்குத் தெரியும். தொழில்நுட்பத்தைப் பாராட்டும்போது இதை விட்டுவிட்டுப் பாராட்ட என்னால் முடியாது.

9 நவம்பர்

“காரைக்குடிக்கு ரோபோ வருமா?” வராது. வரத் தேவையும் இல்லை. ஆயிரக்கணக்கான வகைகளும் இரவு பகல் வேலையும் இருக்கும் இடத்தில்தான் அந்த முதலீடு திரும்பும்.

11 நவம்பர்

இந்த இழையில் நான் எழுத நினைத்தவற்றுள் பலகாரக்காரர்களுக்கு அதிகம் உதவப்போவது இதுதான் என்று நம்புகிறேன்.

கூரியர் நிறுவனம் எடைக்குக் காசு வாங்குவதாக நினைக்கிறோம். எடை, இடம் இரண்டில் எது அதிகமோ அதற்கு வாங்குகிறது. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 5,000-ஆல் வகுத்தால் வருவது பரிமாண எடை. பெரும்பாலான நிறுவனங்களில் இதுதான் கணக்கு. 30, 25, 20 சென்டிமீட்டர் பெட்டி ஒன்றை எடுங்கள். 15,000 வருகிறது, வகுத்தால் 3 கிலோ. உள்ளே இருக்கும் தேன்குழல் தராசில் ஒன்றேகால் கிலோகூடத் தேறாது. மீதிக்குக் காற்றுக்குக் காசு கொடுக்கிறோம்.

தேன்குழலின் குணமே உள்ளே காற்று நிற்பதுதான், நெருக்கினால் உடையும். மனகோலம் அப்படியல்ல. உடைத்துப் பாகில் பிரட்டியது, கைக்கு அடங்கக் கனமாக இருக்கும், சிறிய பெட்டியில் நிறையக் கொள்ளும். சீப்புச் சீடை இரண்டுக்கும் நடுவில். எங்கள் கடையில் தேன்குழலின் சுற்றை அச்சிலேயே சிறிதாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக உருளை டப்பாவில் அடுக்கும்படி மாற்றினோம். 25, 20, 15 சென்டிமீட்டர் பெட்டிக்குள் அடங்குகிறது, பரிமாண எடை ஒன்றரைக் கிலோ. பெரியவர்களுக்கு இதில் வருத்தம். “தேன்குழல் என்றால் தட்டு நிறைய இருக்கவேண்டாமா?” என்றார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். விசேஷத்துக்கு வீட்டில் சுடுவது இன்றும் பழைய அளவில்தான்.

12 நவம்பர்

நேற்றைய குறிப்புக்கு ஒரு பின்குறிப்பு. பிரிப்பு மையத்தில் பெட்டி ஓடும் பட்டைக்கு மேலே கேமராவும் லேசரும் சேர்ந்து மூன்று அளவையும் எடுத்துவிடுகின்றன. நாம் எழுதியதற்கும் அதற்கும் வேறுபாடு வந்தால் அபராதம்போல் ஒரு தொகை கழிக்கப்படும். பெட்டி நடுவில் பிதுங்கியிருந்தால் எந்திரம் பிதுங்கிய அளவைத்தான் எடுக்கும். அளவுநாடாவை வைத்து ஒரு படம், தராசின்மேல் வைத்து ஒரு படம், லேபிள் தெரியும்படி எடுத்து வையுங்கள். அந்தப் படங்களைக் காட்டி நான் காசைத் திரும்ப வாங்கியிருக்கிறேன். எந்திர அளவு வந்தபிறகு, ஆளைப் பார்த்து அளவு சொல்லும் பழக்கம் ஒழிந்தது என்பதையும் நன்றியோடு சொல்கிறேன்.

15 நவம்பர்

கானாடுகாத்தானிலிருந்து எழுதியவருக்கு (பெட்டி பின்வாசலில் கிடந்ததாகக் கோபப்பட்டிருந்தீர்கள்).

கோபம் சரி, ஆனால் கொண்டுவந்த பையனின் நிலையில் நின்று பாருங்கள். நம் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கின்றன. கதவு எண் முன்தெருவுக்கு, வரைபடப் புள்ளி கூரையின் நடுவில், அவர் வந்து நிற்பது பின்தெருவில். முகவரியிலோ வீட்டு இனிஷியலும் ஊர்ப் பெயரும்தான் இருக்கும். நான்கு பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டில், பெட்டிக்குரியவர் சென்னையில் இருப்பார், சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். ஊரார் எவரும் ஒரு நொடியில் வழி சொல்லிவிடுவார்கள். கணினிக்கு அந்த ஊரார் கிடையாது.

நிறுவனங்கள் இதற்குச் செய்வது: முகவரி என்ற எழுத்துக் குவியலைத் தெரு, அடையாளம், ஊர் என்று பிரிக்கக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். முன்பு அதே முகவரிக்குப் போனவர் எந்தப் புள்ளியில் நின்று ஒப்படைத்தார் என்பதையும் சேமித்து வைக்கிறார்கள். பெட்டி நிறைய வரும் நகரத்தில் இது நாளுக்கு நாள் துல்லியமாகும். ஆண்டுக்கு இரண்டு பெட்டி வரும் வீட்டில் என்ன கற்கும்?

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. நம் பக்கத்து எண்கள் 630 என்று தொடங்கும், முதல் இலக்கமான 6 தமிழ்நாட்டையும் கேரளத்தையும் குறிக்கும். அது அஞ்சலகம்வரைதான் கொண்டுபோகும். 2025-ல் அஞ்சல் துறை டிஜிபின் என்று ஒன்றை வெளியிட்டது. நாடு முழுவதையும் ஏறத்தாழ நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்து-எண் கொண்ட குறியீடு. செட்டிநாட்டு வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பேன். முன்வாசலுக்கு ஒரு குறியீடு, பின்வாசலுக்கு வேறொன்று. உங்கள் முகப்பில் நின்று அதை எடுத்து முகவரியின் முதல் வரியில் எழுதுங்கள். எல்லா நிறுவனங்களும் படிக்கத் தொடங்கும்வரை பக்கத்தில் “கோயில் ஊருணிக்கு எதிர்த் தெரு, முன்வாசல்” என்பதும் இருக்கட்டும்.

18 நவம்பர்

முன்கணிப்பு. தேவகோட்டை வாசகரின் முதல் கேள்வியிலேயே இருந்தது, இதுவரை தொடவில்லை. எனக்கு இதில்தான் மனக்குறை அதிகம், அதனால் தள்ளிப்போட்டேன்.

கிடங்கில் எதை, எந்த ஊரில், எவ்வளவு வைப்பது என்பதை இன்று பெரிய நிறுவனங்களில் கணினிதான் தீர்மானிக்கிறது. பழைய விற்பனை, விலை, தேடல், வானிலை, விடுமுறை எல்லாம் அதற்குத் தீனி. ஆர்டர் வருமுன்பே சரக்கை அந்தப் பக்கமாக நகர்த்தி வைக்கும் முறைக்கு அமேசான் 2013 டிசம்பரில் காப்புரிமையே பெற்றது.

கணிப்பில் தேதி பொல்லாதது. தீபாவளி 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, இவ்வாண்டு அக்டோபர் 20. போன ஆண்டு இதே தேதியில் எவ்வளவு விற்றது என்று பார்க்கும் கணக்கு பதினொரு நாள் பிசகும். “பண்டிகைக்கு எத்தனை நாள் முன்பு” என்று எண்ணக் கற்றுக்கொடுத்தால்தான் சரியாக வரும். தீபாவளிக்கு அப்படிக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். திருக்கார்த்திகைக்கு இருபத்தோராம் நாள் வரும் நம் பிள்ளையார் நோன்பை யார் கற்றுக்கொடுப்பது? அந்த வாரத்துக்கு எங்கெங்கோ இருக்கும் நகரத்தார் பிள்ளைகள் எங்களிடம் கருப்பட்டிப் பணியார மாவும் பொரியும் கேட்கிறார்கள். அது எங்கள் நோட்டில் இருக்கிறது, எந்தக் கணினிக் கணிப்பிலும் இல்லை.

மனக்குறை இதுதான். எங்கள் பலகாரம் எந்த ஊரில் விற்கிறது, எந்த நாளில், எதைத் தேடி வந்தவர் எங்களுடையதை வாங்கினார், எதைப் பார்த்துவிட்டு வாங்காமல் போனார் என்ற அறிவு முழுவதும் நாங்கள் செய்த பலகாரத்திலிருந்து பிறந்தது. அது இணைய விற்பனைத் தளத்துக்காரரிடம் தங்கிவிடுகிறது. எங்களுக்குத் திரும்பி வருவது பணம், அதுவும் கழிவு போக. நான் விற்ற தளம் ஒன்றில் எங்கள் மனகோலம் நன்றாகப் போன சில மாதங்களில், அதே தேடலில் எங்களுக்கு மேலே வேறொரு “செட்டிநாடு” மனகோலம் வந்து உட்கார்ந்தது. அதைச் செய்தவருக்கும் செட்டிநாட்டுக்கும் தொடர்பே இல்லை.

ரங்கூனிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த நம் முன்னோர்களின் ஏஜெண்டுகள் ஐந்தொகைக் கணக்கும் கடிதமும் ஊருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், நெல் என்ன விலை, எவர் நம்பத் தகுந்தவர் என்ற விவரம் கடல் தாண்டி முதலாளியின் மேசைக்கு வந்தது. அந்த ஊரில் நாம் இன்று செய்தி இல்லாமல் சரக்கை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

20 நவம்பர்

பள்ளத்தூர் அண்ணன் மறுத்திருக்கிறார்: “தளங்கள் விற்பனையாளருக்குக் கணக்குப் பலகை தருகின்றனவே, அதில் இல்லாததா?”

தருகின்றன. தினசரி விற்பனை, திரும்பிய சரக்கு, பார்த்தவர் எண்ணிக்கை எல்லாம் வரும். வணிக முத்திரையைப் பதிவு செய்தவருக்குச் சில தளங்களில் எந்தச் சொல்லைத் தேடினார்கள் என்பதுகூடக் கிடைக்கும். ஆகவே 18-ஆம் தேதிக் குறிப்பை இப்படித் திருத்தி வாசியுங்கள்: கதவு முழுவதும் அடைபடவில்லை, முத்திரை இல்லாதவருக்குத்தான் அடைபடுகிறது. நம் பலகாரக்காரர்களில் பெரும்பாலோர் ஆச்சி கைமணத்தை நம்பித் தொடங்கியவர்கள், பெயரைப் பதிவு செய்தவர்கள் அல்லர். பெயரைப் பதிவு செய்யுங்கள். வாங்குபவரின் தொலைபேசி எண் மட்டும் எப்படியும் மறைத்துத்தான் வரும். அந்தத் தனியுரிமையை நான் குறை சொல்லவில்லை.

23 நவம்பர்

கண்டாங்கிச் சேலை நெய்யும் குடும்பத்திலிருந்து வந்த கேள்வி: க்யூஆர் குறியீடு ஒட்டினால் விசைத்தறிப் போலி ஒழியுமா?

காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைத்தறி முத்திரை 2006 முதல் இருக்கிறது. இருந்தும் இணையத்தில் “செட்டிநாடு காட்டன்” என்று தேடினால் அகலக் கரையும் கட்டமும் அச்சடித்த எதுவும் வந்து நிற்கிறது. தேடல் எந்திரம் துணியைத் தொட்டுப் பார்ப்பதில்லை, விற்பவர் எழுதிய சொல்லைப் படிக்கிறது.

எல்லாச் சேலையிலும் ஒரே க்யூஆர் அச்சிட்டால் பயனில்லை. ஒன்றை நகலெடுத்தால் ஆயிரம் போலிக்கும் அதே குறியீடு. சேலைக்கு ஓர் எண், அந்த எண்ணுக்கு நெய்தவர், தறி, நாள் என்று பதிவு, முதலில் படிக்கப்பட்ட இடம் எது என்ற குறிப்பு எல்லாம் இருந்தால், அதே எண் இரண்டு ஊரில் படிக்கப்படும்போது பிடித்துவிடலாம். மருந்துப் பெட்டிகளில் இப்படித்தான் செய்கிறார்கள். வால்மார்ட் நிறுவனம் ஐபிஎம்முடன் சேர்ந்து பிளாக்செயின் என்ற கூட்டுப் பதிவேட்டு முறையில் செய்த சோதனையில், நறுக்கிய மாம்பழப் பாக்கெட் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முன்பு ஏழு நாள் ஆனது 2.2 நொடியாகக் குறைந்தது.

ஆனால் பிளாக்செயின் பதிவை மாற்றவிடாமல் காக்கும், பொய்யாகப் பதிந்ததை மெய்யாக்காது. விசைத்தறிச் சேலைக்கு ஒருவர் தறி எண் கொடுத்துவிட்டால் அந்தப் பொய் என்றைக்கும் அழியாமல் இருக்கும். தறிக்கு முன்னால் நின்று பார்த்துப் பதிய ஒரு நம்பகமான ஆள் வேண்டும். கூட்டுறவுச் சங்கம் அதைச் செய்யலாம், சங்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

27 நவம்பர்

ஆத்தங்குடித் தரைக்கல்லை (டைல்) இணையத்தில் விற்க முடியுமா என்று கேட்டவருக்கு: விற்கலாம், கிடங்கில் வைத்து விற்க முடியாது.

இணையக் கிடங்கின் அடிப்படை, ஒரு பெயருக்குக் கீழ் உள்ள எல்லாம் ஒன்றுபோல் இருப்பது. எந்த ஒன்றை எடுத்து அனுப்பினாலும் வாங்குபவருக்கு ஒன்றுதான். ஆத்தங்குடிப் பட்டறையில் போய் நின்று பாருங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, நிறக் குழம்பைக் கரண்டியால் அறைக்கு அறை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் கலந்ததைத் தூவி, சாந்தைப் பூசி வழிக்கிறார்கள். பிறகு தண்ணீரில் பல நாள் கிடக்கவேண்டும். கண்ணாடியிலிருந்து பிரியும்போது வரும் பளபளப்புக்கு எந்திர மெருகு கிடையாது. இன்று கலந்த சிவப்புக்கும் அடுத்த வாரச் சிவப்புக்கும் ஒரு மாற்று வேறுபாடு இருக்கும். ஒரே கூடத்துக்குப் போகும் கற்கள் ஒரே கலவையில் வரவேண்டும். கிடங்கிலிருந்து பத்தும் புதிதாகப் பத்தும் சேர்த்து அனுப்பினால் தரை காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் பட்டறைக்காரர்கள் செய்யும் முறையே சரியானது. படம் வாட்ஸ்அப்பில் போகிறது, முன்பணம் யூபிஐ-யில் வருகிறது, அளவு வாங்கிப் புதிதாகப் போட்டு, வைக்கோல் வைத்து அடுக்கி லாரியில் ஏற்றுகிறார்கள். வேறு மாநிலத்துக்குப் போகும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் மின்வழிச் சீட்டு (இ-வே பில்) எடுக்கவேண்டும், 2018 ஏப்ரல் முதல் அது கைப்பேசியிலேயே முடிகிறது. இதுவும் டிஜிட்டல் விநியோகச் சங்கிலிதான். நடுவில் கிடங்கு இல்லை, அவ்வளவே.

1 டிசம்பர்

பலகாரத்தின் ஆயுள். கிடங்கில் எங்கள் சரக்கை வைக்காததற்கு இதுவே முதல் காரணம்.

கிடங்கு மென்பொருள் முதலில் காலாவதியாவதை முதலில் எடுக்கச் சொல்லும், அது நல்ல ஏற்பாடு. ஆனால் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-ல் இணைய விற்பனையாளர்களுக்குச் சொன்னது: வீட்டுக்குக் கொடுக்கும்போது ஆயுளில் 30 சதவீதமோ 45 நாளோ மிச்சம் இருக்கவேண்டும். பழைய சரக்கைத் தள்ளிவிடுவதைத் தடுக்கும் விதி, வரவேற்கிறேன். ஆனால் பதப்படுத்தும் பொருள் சேர்க்காத கைச்சுற்று முறுக்குக்கு மொத்த ஆயுளே குறைவு. பெரிய ஆலைகளின் பாக்கெட் கிடங்கில் மாதக்கணக்கில் இருக்கலாம், எங்களுடையது இருக்கக் கூடாது. ஆர்டர் வந்தபின் சுட்டு, ஆறவைத்து, மறுநாள் இங்கிருந்தே அனுப்புகிறோம். “நாளையே வரும்” என்ற அடையாளம் எங்கள் பெயருக்குப் பக்கத்தில் வராது, தேடலில் கீழே போகிறோம். புதியதைக் கொடுப்பதற்கு இப்படி ஒரு விலை.

2 டிசம்பர்

கோனாபட்டு ஆச்சிக்கு: வீட்டில் செய்து விற்கப் பதிவு எண் வேண்டும், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் பையில் இருக்கவேண்டும். ஜிஎஸ்டி பொறுத்தவரை, விற்றுமுதல் வரம்புக்குள் இருந்து மாநிலத்துக்குள் மட்டும் விற்றால் 2023 அக்டோபர் முதல் முழுப் பதிவு இல்லாமலே தளங்களில் விற்கலாம், பான் எண்ணைக் கொண்டு ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டாருக்கும் அவர்கள் நண்பர்களுக்கும் தளம் வழியாக விற்பது வேறு மாநிலக் கணக்கில் வந்துவிடும், அதற்கு முழுப் பதிவு தேவை. கணக்காளரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள் ஆச்சி.

4 டிசம்பர்

ஓஎன்டிசி என்ற திறந்த இணைய வணிக வலையமைப்பைப் பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். 2021 டிசம்பரில் அரசு ஆதரவோடு பதிவான அமைப்பு, 2022 ஏப்ரலில் ஐந்து நகரங்களில் சோதனை தொடங்கியது, அதில் கோயம்புத்தூரும் ஒன்று. விற்பவர் ஒரு செயலியில், வாங்குபவர் இன்னொன்றில், கொண்டுபோகும் நிறுவனம் மூன்றாவதில் இருந்தாலும் பேசிக்கொள்ளும்படியான பொது விதிமுறை அது. ஒரே தளத்துக்காரரிடம் எல்லாம் குவிவதைத் தடுக்கும் நோக்கம் என்பதால் எனக்கு அதன்மேல் பற்று உண்டு. ஆனால் சரக்கின் விவரத்தை எடை, அளவு, உட்பொருள், ஆயுள் என்று ஒழுங்காக எழுதி வைத்திருப்பவருக்குத்தான் அதுவும் உதவும்.

அதனால் ஒரு காரியம் தொடங்கலாம் என்று இருக்கிறேன். இங்கே எழுதும் பலகாரக்காரர்கள் ஐந்து விவரங்களை மட்டும் பொதுவான ஏட்டில் பதியவேண்டும்: அனுப்பிய நாள், போன ஊரின் பின்கோடு, பலகாரம், கூரியர் கணக்கிட்ட எடை, திரும்பி வந்தால் காரணம். வாங்கியவர் பெயரும் எண்ணும் வேண்டாம். ஒரு தீபாவளியிலிருந்து அடுத்த தீபாவளிவரை பதிந்தால், எந்த ஊருக்கு எத்தனை நாள் முன்பே அடுப்பு மூட்டவேண்டும் என்பது நம் கையிலேயே இருக்கும். எந்தக் கூரியர் எந்தப் பக்கம் உடைக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

5 டிசம்பர்

ஏட்டுக்குச் சம்மதம் சொன்னவர்களுக்கு நன்றி. “அதிரசத்தையும் சேர்க்கலாமா?” என்று கேட்டிருக்கிறார்கள். இப்போது வேண்டாம். அது எண்ணெய் விடும், லேபிள் வெளிறிப்போவதும் அதனால்தான் அதிகம். அதன் தொல்லை தனி, மற்றக் கணக்கைக் குழப்பிவிடும். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை மூன்றோடு தொடங்குவோம். பிள்ளையார் நோன்புக்கு அனுப்பும் பெட்டிகள் முதல் பக்கத்தில் வரட்டும். அளவெடுத்த படத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், ஏட்டில் எண் மட்டும் போதும்.